மலைக்குள் புகுந்து வெளியே வந்த விமானம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவளுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டது. அவள் சொன்ன முதல் வாக்கியம்: "உங்க அத்தான் ஒரு விமானத்தை மலைக்குள்ள விட்டுட்டாருடா."

(இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வாய்க்காது. இருந்தாலும் முயன்றேன்: 'வானம் கறுத்துக் கிடந்த ஒரு' — இல்லை. அன்று நல்ல வெயில்.)

2

அத்தான் தையற்காரர். கடை மாடியில் ஓர் ஆன்டெனா வைத்திருக்கிறார். விமானங்கள் தாம் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். ஆன்டெனா அதைக் கேட்டு இணைய வரைபடத்தில் புள்ளி வைக்கும். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி அந்தப் புள்ளிகளைப் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு.

அன்று காலை 10.14க்கு ஒரு சிறிய சரக்கு விமானம் பேச்சை நிறுத்தியது. உள்ளே விமானி ஒருவர் மட்டும். ஆனால் அத்தானின் திரையில் அது மேலும் பதினோரு நிமிடம் பறந்தது. மலைக்குள் நுழைந்து, ஒரு கீறல் இல்லாமல் மறுபக்கம் வந்தது.

[குறிப்பு: சிக்னல் நின்றுபோனால், கடைசித் திசையையும் வேகத்தையும் வைத்து மென்பொருள் தானாகவே கோட்டை நீட்டும். அது வெறும் ஊகம். அத்தானுக்கு இது தெரியும். என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்த இடம் இதுதான்.]

3

மலைக்கு இந்தப் பக்கம் உள்ள பள்ளத்தாக்கு அரசாங்க ராடாருக்கு எட்டாது. அங்கே கேட்கும் ஒரே ஆன்டெனா அத்தானுடையது. அதனால் தேடுதல் அதிகாரி அவரைப் போனில் அழைத்தார்.

"மலையைத் தாண்டிடுச்சா?"

"திரையில தாண்டிடுச்சு சார்."

"மலை ரொம்ப உயரமாச்சே, எப்படி?"

"உள்ள போயி வெளிய வந்துச்சு சார்."

அதிகாரி சற்று யோசித்தார். "'தாண்டியது'ன்னு எழுதிக்கறேன். நிபுணர் நீங்க சொன்னா சரி."

இருபது வருடமாக 'கை கொஞ்சம் டைட்டு' என்பதை மட்டுமே கேட்ட காது. நிபுணர் என்ற சொல் உள்ளே போனது. உண்மை வெளியே வரவில்லை. தேடுதல் குழு மலையின் மறுபக்கத்துக்குப் போனது.

4

மூன்றாம் நாள் விமானியின் மனைவி கடைக்கு வந்தார்.

"நன்றி சொல்லத்தான் வந்தேன். மலையைத் தாண்டிடுச்சுன்னு நீங்க சொன்னதாலதான் நம்பிக்கையா இருக்கேன்."

அத்தான் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றினார். "அம்மா, அந்தப் பதினோரு நிமிஷம் கம்ப்யூட்டர் தானா போட்டுக்கிட்ட ஊகம்."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

(அத்தானைக் காப்பாற்ற 'இன்னைக்குக் காலையிலதான்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.)

"முதல் நாளே."

அந்த அம்மா கத்தவில்லை. அதிகாரியின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினார். "இதை அவர்கிட்ட சொல்லுங்க."

அத்தான் சொன்னார்.

"தாண்டியதுன்னு சீல் போட்டாச்சே," என்றார் அதிகாரி. "திரும்பி வந்துடுச்சுன்னு எழுதிக்கட்டுமா?"

"எதை வேணா எழுதுங்க சார். ஆளுங்கள இந்தப் பக்கம் அனுப்புங்க."

5

குழு மலையின் இந்தப் பக்கத்துக்குத் திரும்பியது. விமானியின் மனைவி கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் திட்டிடுங்கம்மா," என்றார் அத்தான்.

"இப்ப நேரமில்ல."

முடிவு அ: கால் முறிந்த விமானி, உடைந்த இறக்கையின் நிழலில் உயிரோடு —

முடிவு ஆ: இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் —

மாலை நாலரைக்கு, துணி வெட்டும் மேசைமேல் கிடந்த போன் அடித்தது. அதிகாரியின் எண்.

"நீங்க எடுங்க," என்றார் விமானியின் மனைவி.

"நீங்களே எடுங்கம்மா," என்றார் அத்தான்.

அக்கா கதவோரம் நின்றாள். இதை எழுதும் எனக்கும் கை நீளவில்லை.

ஐந்தாவது முறை அடிக்கிறது. உங்கள் கைதான் பக்கத்தில் இருக்கிறது. எடுங்கள்.