எண் போட்ட உறை

படகு கரை தட்டியதும் கத்தரிக்கோலும் உறைகளும் இருந்த பெட்டியைத்தான் முதலில் இறக்கினார்கள். பிறகு தொண்டு நிறுவனத்து ரெனாட்டா இறங்கி வந்து இவனெச்சியைக் கட்டிக்கொண்டாள். இவனெச்சி மரக்கட்டை மாதிரி நின்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கரையோரத்து இதே ஊர்க் கூடத்தில்தான் எல்லாரும் கூடினார்கள். அமேசான் காட்டுத் தபஜோஸ் ஆற்றை, அதன் கரையில் வாழும் முண்டுருக்கு என்னும் பழங்குடிச் சனமும் தாங்களும் கைகோத்துக் காப்பாற்றலாம் என்றார்கள், நகரத்துத் தொண்டு நிறுவனத்தார். ஆற்றின் மேல்பக்கம் தங்கம் அரிக்கிறவர்கள் தண்ணீரில் கலக்கும் பாதரசம், மீன் வழியாக யார் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தலைமுடி சொல்லிவிடுமாம். முடியை அந்நியர் கையில் கொடுக்க யாருக்கும் மனசில்லை. வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தவள் இவனெச்சி. ஆறு மாத வயிற்றோடு தன் தலையையும் நீட்டினாள். இப்போது அதை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆறே மாதத்தில் முடிவு என்று சொல்லிப் போனவர்கள்தான். மகள் ஜாசியாரா பிறந்து, தவழ்ந்து, நாலு வயது நெருங்கியும் இன்னும் எழுந்து நிற்கவில்லை. மடியில் இன்னொன்று பால் குடிக்கிறது. மீனைத் தின்றுவிட்டு அதற்குப் பால் கொடுக்கலாமா கூடாதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ரெனாட்டா பளபளக்கும் அறிக்கையை நீட்டினாள். அட்டையில் இவனெச்சியே சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பெயர்கூட இல்லை. வரிசை எண்ணும், பக்கத்தில் பாதரச அளவும். பாதிக்கு மேல் ஆபத்தைக் காட்டும் சிவப்பு.

"இதுல நான் எது?"

"அதச் சொல்லக் கூடாதுக்கா. பேரு ரகசியமா இருக்கணும்னு விதி. உங்க பாதுகாப்புக்குத்தான்."

"என் மண்டையில மொளச்சது எனக்கே ரகசியமா?"

ரெனாட்டா தலை குனிந்தாள். இந்த முறை இரண்டாம் சுற்று முடியையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று முணுமுணுத்தாள். முடி கொடுக்க வரிசையில் நின்ற பெண்கள் இவனெச்சியையே பார்த்தார்கள்.

கைக்குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"உக்காரு."

ரெனாட்டா சிரிக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தாள். பிடரியில் ஒரு கொத்தை ஒட்ட வெட்டி உறையில் போட்டு, மேலே ஒரு எண்ணை மட்டும் எழுதினாள் இவனெச்சி.

"இத வச்சு என்னக்கா செய்யப் போறீங்க?"

"ஆறு மாசத்துல சொல்லி அனுப்பறோம்."

வரிசை கலைந்தது. தரையில் சிந்திய செம்பட்டை முடிகளை ஜாசியாரா நகர்ந்து நகர்ந்து, நடுங்கும் விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.