பொன்மலைப்பட்டியில் குன்னூர்ப் பூ

இப்போதெல்லாம் ஒருத்தரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. இருக்கப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே. அதற்கு ஒரு செடியை நட்டு, பூக்கிறதா பார்ப்போம் என்கிறார்கள். பூவா வந்து குடும்பம் நடத்தப் போகிறது?

என் மருமகள் லின்சி குன்னூர்க்காரி. மகன் ஆசீருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அதை விட்டு மலைக்குப் போக அவனால் முடியாது. இந்த வெயிலில் இருக்க அவளால் முடியாது. கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே உடம்பெல்லாம் வேர்க்குரு. ஒருநாள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினோம். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு ஆம்பளைகள் பருப்புஞ்சோறு தின்றுகொண்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் கிடந்த வீடு அது. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்றுதான் எனக்கு.

நவம்பர் மழையில் லின்சியின் அம்மா வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே காய்ந்த கோழிக்கால் மாதிரி கிழங்குகள். ரனன்குலஸ் என்றாள். போனில் படம் காட்டினாள். மெல்லிசுத் தாளை மடிப்பு மடிப்பாகச் சுற்றி வைத்த மாதிரி பூ.

“இது இங்க வராதும்மா.”

“வந்துச்சுன்னா நானும் இங்கயே இருந்துருவேன் மாமா” என்று சிரித்தாள்.

ஆசீரும் சிரித்தான். வராவிட்டால் என்ன என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கொல்லைப் பக்கம் மழை படாத ஓரமாகத் தொட்டிகளில், நகம் கீழே பார்க்க நட்டாள். தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும் என்றாள். இதை எங்கள் தெருவில் யாரிடம் சொல்வது? காய்ந்த தொட்டியைப் பார்த்தால் இங்கே எவருக்கும் கை சும்மா இருக்காது. அடுத்த வீட்டு டெல்பின் தினமும் மதில் மேலாக அரிசி களைந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்.

“ஏன் டெல்பின் ஊத்துன?”

“என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? தொண்டை வறண்டு கெடக்குது, பாக்கச் சகிக்கல. நல்லதுதானே செஞ்சேன்!”

நல்லதுதான் செய்தாள். பாதிக் கிழங்கு கூழாகிப் போனது. அழுகினதை அள்ளிப் போட்டுவிட்டு லின்சி கை கழுவினாள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

மிச்சம் முளைத்தது, கொத்தமல்லித் தழை மாதிரி. ஆசீர் ஸ்ரீரங்கத்தில் ஒரு நர்சரிக்குப் போய்ப் பச்சை வலை வாங்கிவந்து கட்டினான். பூப் படத்தைப் பார்த்த கடைக்காரன், “ஏன் சார், செம்பருத்தி மேல என்ன கோவம்?” என்றானாம்.

பிப்ரவரியில் ஒரே ஒரு மொட்டு வந்தது. கூடவே வெயிலும் வந்தது. நான் சாக்கை நனைத்துச் சுற்றிக் கட்டினேன். அப்படியும் மத்தியானம் தலை தொங்கியது. கடைசியில் டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் வைத்தேன்.

“செடிக்கு ஃபேனாப்பா? பாக்குறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்டா. உன் பொண்டாட்டிக்குத்தான் வைக்கிறேன்.”

ஆசீர் ஒயரை இழுத்து ஓரமாகப் போட்டான்.

பூத்தது. சட்டைப் பொத்தான் அளவு. ஓரமெல்லாம் கருகல்.

“இதுக்கா இவ்வளவு? எங்க வீட்டு டேபிள் ரோஸே இதவிடப் பெருசு” என்றாள் டெல்பின்.

“பூத்துருச்சுல்ல லின்சி, அப்ப நீ இருக்கணும்” என்றான் ஆசீர்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “இதப் பூத்ததுன்னு சொல்லாதீங்க. உயிரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்குது.”

அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் என்ன இருக்கிறது? சூரியனுக்குச் சாக்குக் கட்ட முடியுமா?

தழை மஞ்சளானதும் கிழங்குகளைத் தோண்டி எடுத்துக் காயவைத்து, பேப்பரில் சுற்றினாள்.

“சாகல மாமா. வெயிலுக்குத் தூங்குது. மழைக்காலத்துல நட்டா திரும்ப வரும். நானும் அதுவரைக்கும் அம்மா வீட்ல இருக்கேன்.”

“அப்ப இதையும் எடுத்துட்டுப் போ. அங்க குளிர்ச்சியா இருக்கும்ல.”

“இங்கயே இருக்கட்டும் மாமா. நடுறதுக்கு நான்தானே வரணும்.”

இப்படித்தான் பேசுகிறார்கள். வருவேன் என்று ஒரு வார்த்தை நேராக வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னலில் குனிந்து, “ஈரம் படாம பாத்துக்கங்க மாமா. டெல்பின் அத்தை கையில மட்டும் குடுத்துராதீங்க” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சிரித்து வைத்தேன்.

பஸ் நகர்ந்தது. “அக்டோபர்ல வந்துருவாப்பா” என்றான் ஆசீர்.

“தூங்குற கிழங்கு எது, செத்த கிழங்கு எதுன்னு பாத்தா உனக்குத் தெரியுமாடா?”

பஸ் திரும்பி மறைந்த பிறகும் அவன் கையைத் தூக்கியபடியே நின்றான். நான் நிற்கவில்லை. டவுன் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.