நிமிடத்துக்கு இருபத்தெட்டு

நிமிடத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுவதற்காக நான் டக்ளஸைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் எண்பத்தோராம் ஆண்டிலிருந்து எங்கள் குடும்ப வாழ்க்கை அதுவாகத்தான் இருந்தது. அவர் மஸ்கட்டில். நான் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி.

மஸ்கட்டில் அவருக்கு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் வீட்டில் வேலை. கார் கழுவ வேண்டும், பூஞ்சட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொட்டியில் மீனை விடச் செடிதான் அதிகமாம். தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டு வாயு விட்டால் செடி காடாக வளருமாம். லீவில் வந்தவர் ஊர் நலம் விசாரிக்கவில்லை, என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கித்துல்கலப் பக்கத்து ஓடையில் இறங்கி, அடி சிவந்த இலைச் செடிகளைப் பிடுங்கி வந்தார். கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்து ஜன்னலோரம் வைத்து, ஐந்து ஓடை மீனையும் விட்டார். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து ஹட்டனில் தொட்டிச் செடிக் கடை போடுவதாகத் திட்டம். "இதுதான் தாய்ச்செடி. இது போச்சுன்னா நான் எதுக்குத் திரும்பி வரணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாயு செய்யும் பக்குவத்தை எனக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய காலி சேலைன் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கோப்பை சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். ஈஸ்ட் சீனியைத் தின்று வாயு விடும். அது சேலைன் குழாய் வழியாகத் தொட்டிக்குள் போய்க் குமிழியாக வரும். குழாயில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருகினால் கூடும், குறையும். நிமிடத்துக்கு இருபத்தெட்டு வர வேண்டும். தினமும் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, வாராவாரம் கடிதத்தில் எழுத வேண்டும்.

நாம் வெளியே விடும் மூச்சில் இருப்பதுதான் அந்த வாயு. என் வகுப்பில் ஐம்பத்தேழு பிள்ளைகள் அதை நாள் முழுக்க ஓசியில் விடுகிறார்கள். எங்கள் வீட்டுச் செடிக்கு மட்டும் சீனி போட வேண்டியிருந்தது.

வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்த காளியாயி கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒங்க வீட்டுலருந்து கோடா வாடை அடிக்குது."

கள்ளச் சாராயமான கசிப்பைக் காய்ச்சுவதற்கு ஊறப்போடும் சரக்குக்குத்தான் கோடா என்று பெயர். நான் போத்தலைக் காட்டி விளக்கினேன். அவள் நம்பினாளோ இல்லையோ, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"செடிக்கு மூச்சு விடவா இம்புட்டுச் சீனி? எங்க வீட்டு மனுசன் மோப்பம் புடிச்சுக்கிட்டு வந்துருவாரு. பூட்டி வைங்க."

சிரித்துப் பேச ஒரு ஆளாவது இருந்தாளே என்று இப்போது நினைக்கிறேன். மற்றபடி எனக்கு அலுப்புதான். ஐம்பத்தேழு பிள்ளைகளுக்குக் கத்திவிட்டு வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் எடுத்து, பிறகு அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று. பெற்ற பிள்ளை இருந்திருந்தால் அதற்குக்கூட இவ்வளவு பார்த்திருப்பேனா என்று தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் கொட்டகலை பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. எட்டு வருஷமாக நான் பயிற்சி இல்லாத டீச்சர். நேற்று வந்த சின்னப் பெண் கூட, பயிற்சி முடித்தவள் என்றால், எனக்கு மேலே. இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டால் அந்தக் குறை தீரும். டக்ளஸுக்கு எழுதினேன். "நீ போனால் தொட்டியை யார் பார்ப்பது? அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. போகவில்லை. கோபத்தில் ஒரு வாரம் கடிதம் எழுதாமல் இருந்தேன். எண்ணுவதை மட்டும் விடவில்லை, அதுதான் எனக்கே எரிச்சல்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை. குமிழி நின்றுவிட்டது. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். மஸ்கட்டில் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருமாம், அங்கிருந்து "போத்தலைச் சூடாக வை" என்று எழுதுவது சுலபம். ஒருநாள் காலையில் போத்தலுக்குக் கம்பளியைச் சுற்றி, தணல் இருந்த அடுப்போரம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். குளிருக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், கைப்பிள்ளைக்கும் அதைத்தான் செய்வோம்.

மூன்று மணிக்கு வந்து பார்த்தால், போத்தல் நுரைத்துப் பொங்கி, சீனிக் கரைசல் முழுவதும் குழாய் வழியாகத் தொட்டிக்குள் போயிருந்தது. தண்ணீர் அரிசி கழுவியது போல இருந்தது. ஐந்து மீனும் மேலே மிதந்தன. தோட்டத்துத் தண்ணீர்ப் பீலியிலிருந்து பன்னிரண்டு வாளி சுமந்து வந்து தண்ணீரை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொழகொழவென்று அழுகி, வேரும் கறுத்து, கையோடு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதத்தில், "நிமிடத்துக்கு இருபத்தெட்டு" என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறும் அதையே எழுதினேன். 'இது போச்சுன்னா நான் எதுக்குத் திரும்பி வரணும்?' என்று அவர் கேட்டது காதிலேயே இருந்தது. வேடிக்கையாகத்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது.

கார்த்திகையில் கொட்டகலையிலிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. தை பத்தாம் தேதி வந்து சேர வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் சாகும்வரை பயிற்சி இல்லாத டீச்சர்தான். போனால் வீட்டைப் பூட்ட வேண்டும், பூட்டினால் தொட்டி என்ன ஆனது என்று சொல்ல வேண்டும்.

காளியாயியிடம்தான் முதலில் சொன்னேன்.

"செத்த செடிக்கு இன்னமுமா கணக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். "உள்ளத எழுதிப் போடுங்க டீச்சர். வர்ற மனுசன் செடிக்காகவா வருவாரு?"

அன்று இரவே எழுதினேன். போத்தலை அடுப்போரம் வைத்ததையும், ஐப்பசியிலிருந்து எழுதிய எண்ணெல்லாம் பொய் என்பதையும், நீங்கள் என்ன சொன்னாலும் இந்தத் தடவை கொட்டகலைக்குப் போகப்போகிறேன் என்பதையும் எழுதினேன். தபாலில் போட்ட பிறகு நாள்தோறும் தோட்டத்து ஆபீஸில் பதில் வந்ததா என்று கேட்டேன்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, தோட்டத்து ஆபீஸிலிருந்து பதிலை வாங்கி வந்து காளியாயிதான் கொடுத்தாள். வெளியே நின்றபடியே பிரித்தேன்.

"சுகிர்தம், செடி செத்துப் போச்சுன்னு அழாதே. நானும் ஒன்னு சொல்லணும். அந்த ஜெர்மன்காரர் போன தையிலேயே ஊருக்குப் போய்ட்டாரு. தொட்டியையும் யாருக்கோ குடுத்துட்டாரு. நான் பதினோரு மாசமா துறைமுகத்துல சீமெந்து மூட்டை தூக்குறேன். செடியைப் பத்தி ஒனக்கு எழுதினதெல்லாம் பழைய ஞாபகத்துல எழுதினது. மூட்டை தூக்குறதை எழுத மனசு வரல.

"ஒரு ரூம்ல பதினாலு பேர் இருக்கோம். ஒன் கடிதம் வந்தா எல்லாரும் 'எத்தனை?'ன்னு கேப்பாங்க. இருபத்தெட்டுன்னு சொல்லுவேன். கூட இருக்குற தெலுங்குக்காரருக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் அதுதான். ஊர்ல ஏதோ ஒன்னு ஒழுங்கா நடக்குதுன்னு அன்னைக்கு எல்லாரும் நல்லாத் தூங்குவாங்க.

"நீ காலேஜுக்குப் போ. போன வருசம் தடுத்தது என் தப்பு. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆகும். ஒன்னு மட்டும் கேக்குறேன். எண்ணிக்கையை நிப்பாட்டிறாதே. பொய்யாவே எழுது."

நான் வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. சீமெந்துத் தூசி அவருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு. உடம்பு எப்படி என்றுகூடக் கேட்காமல், வருஷம் முழுக்கக் குமிழியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னவாம் டீச்சர்? வர்றாராமா?"

"இல்ல காளியாயி. என்னயப் போகச் சொல்றாரு."

தொட்டியைக் கழுவி அவளிடமே கொடுத்தேன். கோழிக்குஞ்சு விட்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கொட்டகலை விடுதியில் முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போய் வந்து, மதியச் சாப்பாடு முடிந்து, கட்டிலில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். இளைப்பு எப்படி இருக்கிறது, வாயில் துணி கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில் மீனம்மா குறட்டை விடுவதை எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. இருபத்தெட்டு என்று போட ஒரு நொடி ஆகாது. அவரே கேட்ட பொய்தான். ஆனால் பொய் எழுதி எழுதி நான் களைத்துப் போயிருந்தேன்.

வெளியே மழை விட்டு, கூரைத் தகரத்து ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"என்னாக்கா எண்ணுறீங்க?" என்று மீனம்மா எழுந்து கேட்டாள்.

பேசாதே என்று கையைக் காட்டினேன். நிமிடம் முடிந்ததும் எழுதினேன்: முப்பத்தொன்று. ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை.