நோட்சு-சானின் சிப்பி

எங்கள் ஊர் நிரலாளர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிய நிரல் தொகுப்பைக் கொண்டுவந்தால், அதைப் பார்த்தே இராத ஒருவர் அதில் ஏதாவது செய்து பார்ப்பார். உருவாக்கியவர்கள் பின்னால் கைகளை மடியில் வைத்து உட்கார வேண்டும். அவர் "மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது.

கயோ அக்காவும் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருடமாக நாங்கள் எழுதிய படம் வரையும் தொகுப்பு அது. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பதினொரு வடிவங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 'வடிவம்' என்று ஒரு தாய். யார் வேண்டுமானாலும் அவளுக்குப் புதுப் பிள்ளையாக ஒரு வடிவத்தைச் சேர்க்கலாம், எங்கள் கோப்பைத் தொடவே வேண்டாம். அக்காவுக்குப் பெருமை எல்லாம் அதில்தான். இன்று தேறினால் கோடை விடுமுறையில் எங்கள் மாட்சுயே ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் வரைவார்கள். நான்கு மணிக்கு முடிவு.

சோதிக்க வந்தவர் நோட்சு-சான். விடியலில் ஏரியில் சிப்பி வாருபவர்; நிரல் எழுத இப்போதுதான் பழகுகிறார்.

"எனக்கு வேற என்ன தெரியும்? சிப்பிதான்," என்று இரண்டு விரலால் தட்டினார். ஆறே வரி. திரையில் கறுப்புச் சிப்பி வந்தது. அக்கா சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளினாள்.

"தொட்டா வாயைத் திறக்கணும்," என்று அதற்கும் எழுதி, சிப்பியின்மேல் சொடுக்கினார். திறக்கவில்லை. மறுபடி சொடுக்கினார்.

"கொதிக்க வெச்சும் திறக்கலைன்னா அது செத்த சிப்பி. தூக்கிப் போட வேண்டியதுதான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "சரி, மாட்டிக்கிட்டேன்."

மூன்றே முக்கால். இனி நாங்கள் திருத்தலாம். ஆனால் அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. அக்கா வரையும் பகுதியில் தேட ஆரம்பித்தாள். தப்பு அங்கே இல்லை.

எந்த வடிவத்தின்மேல் சொடுக்கினார்கள் என்று பார்க்கும் பகுதி என்னுடையது. மார்ச் மாதம், சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், வட்டமா? இப்படிப் பார்; சதுரமா? அப்படிப் பார் என்று பதினொன்றையும் வரிசையாக எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது பிள்ளையைத் தாய் கண்டுகொள்ளவே மாட்டாள். நாங்கள் சோதித்ததும் எங்கள் பதினொன்றை மட்டும்தான்.

அறையில் பதினான்கு பேர். பள்ளிக்கூடத்தை விட்டபின் இத்தனை பேர் முன்னால் நான் பேசியதில்லை. காது சுட்டது.

"அங்க இல்லக்கா. நான்தான்..."

"கொசு மாதிரி முனகாத. சத்தமா சொல்லு!"

"தாய் ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் கேக்குறா. அப்படி எழுதினது நான்தான். 'இந்தப் புள்ளி உன் கோட்டுக்குள்ள இருக்கா'ன்னு மட்டும் கேட்டாப் போதும். கோடு இல்லாம யாரையும் வரையவே முடியாதே."

அக்கா கோப்பைத் திறந்து பார்த்தாள். "வாசல்ல நின்னு பேர் கேட்டு உள்ள விடுறியா? அடிப்பாவி, வாட்ச்மேனா நீ?" என்று விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பதினொரு வரியையும் அழித்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன். நோட்சு-சான் சொடுக்கினார்.

சிப்பி வாய் திறந்தது.

"உள்ள சதையே இல்லையே!" என்றது ஒரு குரல்.

"பசி எடுத்துச்சு, தின்னுட்டேன்," என்றார் நோட்சு-சான். சங்கத் தலைவர் வெள்ளைப் பலகையில் எங்கள் தொகுப்பின் பெயருக்குப் பக்கத்தில், தேறியதற்கு அடையாளமாக, பெரிய வட்டம் போட்டார்.

நோட்சு-சான் கொடுத்த சிப்பிப் பை சைக்கிளில் கலகலத்தது. வீடு திரும்பும் வழியில் பாலம் தாண்டினோம்.

"மார்ச்லயே அந்த வரியெல்லாம் படிச்சேன்," என்றாள் அக்கா. "தங்கச்சி எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான்னு நெனச்சேன்."

"அப்போ நீயுமா?"

"நானும்தான். வெளிய சொல்லிடாத."