நாற்காலியின் எடை

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தது ஆபரேட்டரம்மாதான். முதியோர் இல்லத்துக்கு டயட்டீஷியன் பயிற்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. ஆபரேட்டரம்மா மிச்சம் வைத்ததைத் தட்டோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் நிறுத்து, தட்டின் எடையைக் கழித்து, இத்தனை கிராம் என்று குறித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னடி, என் எச்சிலையும் விட்டு வைக்க மாட்டியா?" என்றார் ஆபரேட்டரம்மா. "பழைய பேப்பர்காரன் உன்கிட்ட பிச்சை வாங்கணும்."

முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்குவதும் சிரமம் என்பதால் எல்லாச் சாப்பாட்டையும் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். குரலை மட்டும் எந்த வாதமும் தொடவில்லை. இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

பயிற்சி ஆறு மாதம். பகலெல்லாம் இல்லத்தில் வேலை, வாரத்தில் மூன்று மாலை வகுப்பு. கடைசியில் ஒரே ஒருவரைப் பற்றி, அவருக்கு என்ன உணவு கொடுத்தோம், உடம்பு எப்படி இருந்தது என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் இல்லத்தின் மூத்த டயட்டீஷியன் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாள் கையெழுத்தை லேசில் போடுகிறவர் இல்லை. வீட்டில் அண்ணன் வேறு, "கிழவங்களுக்கு ஊட்டி விடறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு வகுப்பு" என்று வாய்க்கு வாய் குத்திக்கொண்டிருந்தான். அறிக்கைக்கு அவள் ஆபரேட்டரம்மாவை எடுத்துக்கொண்டாள்.

நிற்க முடியாதவர்களை எடை பார்க்க ஒரு முறை இருந்தது. சக்கர நாற்காலியோடு தரைமட்ட எடைமேடையில் ஏற்றிவிடுவார்கள். நாற்காலியின் எடையை முதலிலேயே பார்த்து, வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி, அதன் முதுகில் ஒட்டியிருப்பார்கள். மொத்தத்தில் அதைக் கழித்தால் ஆளின் எடை. ஆபரேட்டரம்மாவின் ஸ்டிக்கரில் 13.5 என்று இருந்தது. அவள் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும், சாப்பாட்டுக்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்தாள். கழித்ததைச் சரிதானா என்று இன்னொரு முறை கழித்துப் பார்ப்பாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாம் மாதம் ஆபரேட்டரம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போகும்போது நாற்பத்தைந்து கிலோ இருநூறு கிராம். திரும்பி வந்த திங்கட்கிழமை எடை பார்த்தபோது நாற்பத்து நான்கு கிலோ தொள்ளாயிரம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடமே இரண்டு முறை தாளைப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் படுக்கையில கிடந்தும் முந்நூறு கிராம்தான் போயிருக்கா? நீ முன்னாடி நல்லா ஏத்தி வச்சிருக்கே, அதான்."

அந்தத் தைரியத்தில் அவள் முதன்முதலாகத் தானாக ஒரு பரிந்துரை எழுதினாள். சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது, எடை நிலையாக இருக்கிறது, ஆகவே பாலில் கலக்கும் சத்துப் பவுடரையும் மாலையில் கொடுக்கும் முட்டைக் கலவையையும் நிறுத்தலாம். மேடம் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அவள் நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் ஆபரேட்டரம்மா பசிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

"தராசு, வயிறு காந்துதுடி. சாயங்காலம் மஞ்சளா ஒண்ணு குடுப்பீங்களே, அது எங்க?"

"இப்போ அது வேணாம்மா. உங்க எடைக்கு இதுவே போதும்."

"எடைக்குப் போதும். எனக்குப் போதலையே."

"சர்க்கரை ஏறிடும்மா. அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

"இப்போ மட்டும் கொஞ்சறேனாக்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைய படிவத்தில் 'பசி நன்றாக உள்ளது' என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். வந்ததும் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் தன் காலைத்தான் நீவிக்கொள்வாள். ஒரு ஞாயிறு அவள் அம்மாவுக்கு உடை மாற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து பயிற்சிக்காரியை நிறுத்தினாள்.

"அம்மா ரொம்ப மெலிஞ்ச மாதிரி இருக்காங்களே. தோள் எலும்பு கையில இடிக்குது."

வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இதுதான்: வீட்டுக்காரர்கள் பயத்தில் பேசுவார்கள், நீங்கள் அளவைக் காட்டுங்கள். அவள் தாளை எடுத்துவந்து காட்டினாள். வாரா வாரம் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போயிற்று.

"பாருங்கக்கா. எடை அப்படியேதான் இருக்கு. வயசானா தசை கொஞ்சம் தளரும், பாக்க மெலிஞ்ச மாதிரி தெரியும்."

மகள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு சக்கர நாற்காலிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் ஆபரேட்டரம்மா. மற்றதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவர். பின்னாலிருந்து துண்டு கட்டிவிடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். இரண்டும் ஒரே நாற்காலி. அதே அகலக் கைப்பிடி, அதே தடித்த கறுப்புச் சக்கரம். பெரியவரின் முதுகில் 19.0. ஆபரேட்டரம்மாவின் முதுகில் 13.5.

ரிப்பேர் அண்ணனைத் தேடிக்கொண்டு கீழே ஓடினாள். குழாய், கட்டில், நாற்காலி எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். ஒரு பழைய பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆபரேட்டரம்மா நாற்காலியை மாத்தினீங்களா அண்ணே?"

"ஆமா. அவங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது. பழசுல பிரேக் புடிக்கல."

"அந்த ஸ்டிக்கர்?"

"பத்திரமா பிரிச்சு புதுசுல ஒட்டிட்டேனே," என்றார் அவர், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "அவங்க நம்பர் இல்லையா அது? எல்லார் நாற்காலியிலயும் இருக்கே. தொலைஞ்சா நீங்கதானே கத்துவீங்க."

ஸ்டிக்கரில் எண் மட்டும்தான் இருந்தது. அது எதனுடைய எண் என்று ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

அன்று மாலை ஆபரேட்டரம்மாவைக் கட்டிலுக்கு மாற்றியபின், வெறும் நாற்காலியை மேடையில் ஏற்றினாள். பத்தொன்பது. இறக்கி மறுபடி ஏற்றினாள். பத்தொன்பதுதான். ஐந்தரை கிலோ இரும்பை அவள் ஆறு வாரமாக ஓர் உடம்பின் கணக்கில் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதே எடை நாற்பதுக்குக் கீழே. இந்தத் திங்கட்கிழமை எழுதிய நாற்பத்து நான்கு கிலோ நூறு கிராமில் உண்மையானது முப்பத்தெட்டு கிலோ அறுநூறு. ஏழில் ஒரு பங்கு ஆள் காணாமல் போயிருக்கிறார். மிச்சமிருந்தவரின் பாலையும் முட்டையையும் நிறுத்தியது அவள்.

வார்டு அக்கா போர்வையை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் ஆபரேட்டரம்மாவைத் தூக்கி இறக்குகிறவர் அவர்தான்.

"தூக்கறப்ப லேசாத்தான் இருந்தாங்க," என்றார்.

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா? நீ உள்ள போய் பேப்பரைக் கொண்டாந்து காட்டுவே."

மறுநாள் காலை மேடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னைக்குப் புதுசா எடை எடு. வர்றதை எழுது. காரணம், சளி, சாப்பாடு இறங்கலைன்னு போடு. பவுடரையும் முட்டையையும் இப்பவே ஆரம்பி. பழைய தாளைத் தொடாதே."

"ஒரே வாரத்துல அஞ்சரை கிலோ போச்சுன்னா யாரு மேடம் நம்புவாங்க?"

"தாளைப் படிக்கிறவங்க நம்புவாங்க. அடுத்த மாசம் ஆய்வுக்கு வராங்க. உன் அறிக்கையிலயும் நான் கையெழுத்துப் போட்டாகணும்."

"மகள்கிட்ட சொல்லிடலாம் மேடம். அவங்க அன்னைக்கே கேட்டாங்க."

"சொல்லி? அந்தம்மாவுக்கு இப்போ வேண்டியது சாப்பாடு. உன் மனசு லேசாகறதுக்கு அந்தப் பொண்ணு தலையில எதுக்கு பாரத்தைத் தூக்கி வைக்கிறே?"

மூன்று நாள் அதையே போட்டு உருட்டினாள். மகளுக்காகச் சொல்ல நினைக்கிறாளா, தனக்காகவா? நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தாள். தனக்காக என்ற பக்கம்தான் நீளமாக வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் போய் நின்றாள்.

மகள் பாதிக் கதையிலேயே புரிந்துகொண்டாள்.

"நாற்காலி மாறினது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"நம்பரைத்தான்க்கா பாத்தேன். நாற்காலியைப் பாக்கல."

"எங்கம்மாவையும் பாக்கல."

அவள் தலை குனிந்தாள்.

"அன்னைக்கு பஸ்ல போறப்போ என்னையே திட்டிக்கிட்டேன்," என்றாள் மகள். குரல் உயரவே இல்லை. "படிச்ச பொண்ணு இவ்வளவு பொறுப்பா பாத்துக்கறா, நான் வாரத்துக்கு ஒரு தடவை வந்து குத்தம் சொல்றேன்னு. அம்மா பசிக்குதுன்னாங்க. சும்மா இரும்மா, நாக்கைக் கட்டுன்னு நானே சொன்னேன். என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்க."

"மன்னிச்சுடுங்கக்கா."

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

மகள் உள்ளே போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய், ஒரு தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பயிற்சிக்கு வந்த பெண் தவறான எடை காட்டி ஏமாற்றிவிட்டாள். இனி அவள் என் தாயாரின் அருகில் வரக் கூடாது. மேடத்தைப் பற்றியோ இல்லத்தைப் பற்றியோ அதில் ஓர் எழுத்துகூட இல்லை. மகள் பார்த்த முகம் அவளுடையது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மேடம் மேசையில் ஒரு படிவம் தயாராக இருந்தது. 'பயிற்சியாளரின் அளவீட்டுப் பிழை. பயிற்சிக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதுவரை சமையலறைப் பணி மட்டும்.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மூன்று முறை படித்தாள். பொய் ஒரு வரி கூட இல்லை.

"ஸ்டிக்கர் மாறினதைப் பத்தி ஒரு வரி சேக்கலாமா மேடம்?"

"சேக்கலாமே. ரிப்பேர் பண்றவன் பேர் வரும். அவன் வேலை போகும். சேக்கறியா?"

"நாற்காலி மாறினா திரும்ப எடை பாக்கணும்னு இங்க ஒரு விதியும் இல்லையே. அதை எழுதலாமா?"

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "விதி போட வேண்டியது நான். என் பேரை எழுதச் சொல்றே. சரி. அப்போ உன் பயிற்சியை எங்க முடிப்பேன்னும் யோசிச்சுக்கோ."

கையெழுத்துப் போட்டாள். எழுந்து கதவுவரை போனபின், பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நினைவு வந்து, திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனாள்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே தட்டுகளை நீட்டுகிற சன்னல் ஒன்று இருந்தது. அதன் வழியாக அவளுக்கு ஆபரேட்டரம்மாவின் பாதி முகம் தெரிந்தது. மாலை முட்டைக் கலவையில் வெண்ணெயும் பவுடரும் சேர்த்து, விக்காத பதத்துக்குக் கலக்கி, அவளே கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். வார்டு அக்கா கொண்டுபோனார். அவள் சன்னலில் இருந்து பார்த்தாள். ஆபரேட்டரம்மா வாயைத் திறக்கவில்லை. அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பிற்று.

நாலு நாளாக இதேதான். அக்கா கிண்ணத்தைச் சன்னலில் வைத்தார்.

"வேணாங்கறாங்க. பசி போயிடுச்சாம். கேட்டப்போ குடுக்கல, இப்போ எதுக்குங்கறாங்க."

"நான்தான் கலக்கறேன்னு தெரியுமாக்கா?"

"தெரியாது. தெரிஞ்சா மட்டும் என்ன?" அக்கா சாப்பாட்டுப் படிவத்தை எடுத்தார். "முக்கால்வாசி சாப்பிட்டாங்கன்னு போட்டுடட்டுமா? பூஜ்யம்னு போட்டா ஏன் ஊட்டலைன்னு என்னைக் குடைவாங்க. நானும் எவ்வளவு நேரம்தான் நிக்கறது? இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

"பூஜ்யம்னே போடுங்கக்கா."

"உனக்கு என்னம்மா, நீ ஆறு மாசத்துல போயிடுவே."

"அப்போ குடுங்க, நான் எழுதறேன்."

அந்தப் படிவத்தைத் தொட அவளுக்கு இப்போது அனுமதி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா கூடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாளை இந்தப் பக்கம் தள்ளினார். அவள் பூஜ்யம் எழுதினாள். 'யார் பார்த்தது' என்று இருந்த கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். நேற்றைய கட்டத்தில் முக்கால் என்று இருந்தது, முந்தாநாள் கட்டத்திலும் முக்கால், அதற்கு முந்தைய நாளும் முக்கால்.