பதினைந்து நிமிடச் சட்டம்

என் வெப்சைட்டைக் கவிழ்த்தது என் சொந்தக்காரர்களின் பாசம். வேறு எதிரி யாரும் தேவைப்படவில்லை.

வெப்சைட்டின் பெயர் 'பஸ் எப்போ'. பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுகளிலிருந்து எந்த ஊருக்கு எப்போது பஸ் என்று அதில் இருக்கும். போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அடுத்த பஸ்ஸின் நேரம் பெரிய எழுத்தில் வரும். கைக்குழந்தையோடு பென்னாகரத்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்று, கடைசியில் "அந்த டிரிப்பு நிறுத்தி மூணு மாசம் ஆச்சிங்களே" என்று ஒருவர் பல் குத்தியபடி சொன்ன கோபத்தில் ஆரம்பித்தது அது. நான் படித்த கம்ப்யூட்டர் படிப்பு அன்றுதான் முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது. கண்டக்டர்கள் இருபது பேர் என் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். ஒரு டிரிப் மாறினால் டீ குடிப்பதற்கு முன் எனக்குச் சொல்லிவிடுவார்கள்.

மூன்று வருடத்தில் தினமும் ஆறாயிரம் பேர் பார்க்கிற அளவுக்கு வளர்ந்தது. பார்க்கிற கூட்டம் கூடக் கூட சர்வர் வாடகையும் கூடியது. சரி, விளம்பரம் போடலாம் என்று இணையத்தில் விளம்பரம் கொடுக்கிற ஒரு பெரிய கம்பெனியில் கணக்குத் திறந்தேன். விளம்பரத்தில் இத்தனை ரகம் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தின் தலையில் பட்டையாக ஒட்டிக்கொள்வது ஒன்று. நடுவில் கட்டம் போட்டு உட்காருவது ஒன்று. கேட்காமலே எழுந்து திரை முழுவதையும் மறைப்பது ஒன்று. தானாகப் பாட ஆரம்பிக்கிற வீடியோ வேறு. சிலவற்றுக்குக் கண்ணில் பட்டாலே காசு, சிலவற்றுக்கு யாராவது விரலால் அமுக்கினால்தான் காசு. எது வேண்டும் என்று கேட்டது அந்தக் கம்பெனி. எல்லாம் வேண்டும் என்றேன். பேராசைதான், வேறென்ன.

அந்த வாரம் ஒரு காதுகுத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், யாராவது அமுக்கினால் எனக்கு வருமானம் என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் சனம் விசேஷத்துக்கு வந்தால் மொய் வைக்காமல் போகாது. வாங்கிய மொய்யைத் திருப்பி வைக்காமலும் இருக்காது. அன்றைக்கே மொத்தச் சனமும் எனக்கு விரலால் மொய் எழுத ஆரம்பித்தது. ஜானகியம்மாள் பெரியம்மா போன் செய்து பெருமையாகச் சொன்னார்.

"பொழுது சாயறதுக்குள்ள நாப்பது தடவ அமுக்கிட்டன் கண்ணு. எங்க வூட்டு மொய்யி இது, மறந்துடாத."

பத்தொன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதே ஆட்கள் திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள், இது ஏமாற்று வேலை, கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. நான் விடவில்லை. மொய் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் விளக்கி எழுதினேன். அரை மணி நேரத்தில் அதே கடிதம் மறுபடி வந்தது. மெஷினுக்குப் பெரியம்மா ஏது, பெரியம்மாவின் அன்பு ஏது. அன்று நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் வீட்டுக்காரர் மாதவராஜ் வயரிங் வேலை செய்கிறவர். அதே மாதம் அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை அமைந்தது. எனக்கும் அங்கேயே இடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"ஆடிப்பெருக்கு வரைக்கும் பாரு நிர்மலா. அதுக்குள்ள அது செலவ அதே பாத்துக்கிச்சின்னா இங்கியே இருக்கலாம். இல்லைன்னா மூடிட்டு ஓசூர் போயிரலாம்."

"சரிங்க" என்றேன். நியாயமான பேச்சுதான். ஆனால் மூடுவது என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. காலை ஐந்து மணிக்கு கண்டக்டர்களின் குட்மார்னிங்கோடு எழுந்து பழகிவிட்டவள் நான்.

அப்போதுதான் சேலத்திலிருந்து தமிழ்மணி வந்தார். விளம்பரம் பிடித்துத் தருகிற ஏஜென்ட். தேய்த்த சட்டை, தேய்த்த சிரிப்பு. கணக்கு போனால் போகட்டும், நேரடியாகவே வீடியோ தருகிறேன் என்றார். சேலம் பக்கம் ஒரு வாட்டர் பார்க். யார் 'பஸ் எப்போ'வைத் திறந்தாலும் முதலில் பதினைந்து வினாடி அந்த வீடியோதான் ஓடும், அதற்குப் பிறகுதான் பஸ் நேரம் வரும். ஒருநாள் போட்டுப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். வெள்ளாமையை வீட்டிலிருந்து பார்க்க முடியாது என்பார்கள். நானும் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

காலை பத்தேகால் மணி. புளி மூட்டையை விற்று முடித்துவிட்டு, வெற்றுச் சாக்கை மடித்து இடுப்பில் வைத்தபடி ஒரு அம்மா வேகமாக வந்தார். போனை எடுத்து ஏரியூர் என்று தட்டினார். திரையில் ஒரு பெண் தண்ணீரில் சறுக்கிக்கொண்டே சிரித்தாள். சிக்னல் மோசம், சிரித்த பெண் பாதியில் உறைந்து நின்றாள். மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு. அம்மாவின் விரல் அதற்குப் பக்கத்தில் பட்டு, வாட்டர் பார்க் டிக்கெட் வாங்குகிற பக்கத்துக்குப் போய்விட்டது. அவர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவருக்குப் பின்னால் ஏரியூர் பஸ் வளைந்து வெளியே போனது. நான் கத்தினேன். பஸ்ஸுக்குக் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு சிரிச்சி முடிக்கட்டும்னு நின்னுட்டன்" என்றார் அந்த அம்மா. பெயர் தீர்த்தம்மாளாம். "நெதம் இதுல பாத்துதாங்க வருவன். இன்னிக்கு என்னமோ ஆயிப்போச்சி."

அடுத்த ஏரியூர் பஸ்ஸுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். என்னமோ ஆன அந்த என்னமோ நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கேயே வீடியோவைத் தூக்கினேன். குற்ற உணர்ச்சியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தியது. தீர்த்தம்மாள் சும்மா உட்காரவில்லை. சின்னராஜ் கடையில் டீயும் போண்டாவும் சாப்பிட்டார். அறுந்த செருப்பைத் தைத்தார். மெடிக்கலில் மூட்டுவலி தைலம் வாங்கினார். இரண்டு துணிக்கடையில் பேத்திக்குப் பாவாடை விலை கேட்டு, மூன்றாவதில் வாங்கினார். சுற்றிப் பார்த்தேன். பஸ்ஸை விட்டவர்கள் எல்லோரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. காத்திருக்கிறவனிடம் நேரமும் இருக்கிறது, பையில் பணமும் இருக்கிறது. ஆறாயிரம் பேரில் யார் ஓடுகிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று சொல்வதே நான்தானே.

சாயங்காலத்துக்குள் சட்டம் எழுதிவிட்டேன். பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடத்துக்குக் கீழே இருந்தால் நேரம் மட்டும்தான், ஒரு விளம்பரமும் கிடையாது. அதற்கு மேல் இருந்தால், நேரத்துக்குக் கீழே ஒரே வரி. அதுவும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கடையாக இருக்க வேண்டும். படம் கிடையாது, பாட்டு கிடையாது, குதிக்கிறது கிடையாது.

போனில் இதைச் சொன்னதும் தமிழ்மணி சிரித்தார். "விளம்பரத்தக் கொறைச்சி பொழச்சவங்க யாருங்க மேடம்? எனக்கு ஒருத்தரக் காட்டுங்க."

"காட்டறேங்க" என்றேன். அப்போது காட்ட ஒருவரும் இல்லை. வாய்க்கொழுப்பில் சொன்னதுதான்.

முதல் ஆள் டீக்கடை சின்னராஜ். ஒரு வரி போதும் என்றதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரில் விளம்பரம் என்றால் பிளெக்ஸ். பிளெக்ஸ் என்றால் முகம்.

"எம் போட்டோ, எங்க அண்ணன் போட்டோ, மச்சான்க அஞ்சு பேரு. அது இல்லாம எப்பிடிங்க விளம்பரம்?"

"உள்ளங்கை அகலம்தாங்க அண்ணா திரை. ஏழு மூஞ்சிய எங்க வெக்கறது?"

"மச்சான் மூஞ்சி இல்லைன்னா நாளைக்கு அவன் வூட்டு வாசப்படி மிதிக்க முடியாதுங்க எனக்கு."

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒரு வாரம் சும்மா போட்டுப் பாருங்கள் என்று நானே ஒரு வரி எழுதினேன். 'அடுத்த பஸ் 40 நிமிடத்தில். சின்னராஜ் கடையில் சூடான பரோட்டா 6 நிமிடத்தில்.' நாற்பது என்கிற எண் பஸ்ஸுக்குத் தக்கபடி தானாக மாறும். நாலாம் நாள் அவர் இரண்டாவது பரோட்டா கல் வாங்கினார். ஏழாம் நாள் மச்சான்கள் உட்பட ஏழு முகத்தையும் போட்டு, 'பஸ் எப்போ பாருங்கள், பசியாறிப் போங்கள்' என்று கடை வாசலில் அவரே பிளெக்ஸ் கட்டிவிட்டார். என் வெப்சைட்டுக்கு அவர் விளம்பரம். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதைப் பார்த்து மெடிக்கல் வந்தது, துணிக்கடை வந்தது, செருப்புக் கடை வந்தது. ஆனாலும் ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு பார்த்தால், சர்வரின் வருட வாடகையில் கால் பங்கு இன்னும் குறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தமிழ்மணி மறுபடி வந்தார். ஆடிப்பெருக்கு அன்று ஒரே ஒருநாள் வீடியோ, குறைகிற கால் பங்கு முழுவதும் வாட்டர் பார்க்கின் பொறுப்பு என்றார்.

"ஒருநாள்தான" என்றார் மாதவராஜ். "வாங்கிக்க. எல்லாம் முடிஞ்சிரும்."

"அன்னிக்கு ஒகேனக்கல் போற சனம் எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியாதாங்க? அன்னிக்கு ஒரு பஸ்ஸ விட்டா கொழந்தைங்களோட ரெண்டு மணி நேரம் வெய்யில்ல நிக்கணும்."

"அப்ப மூட வேண்டியதுதான்."

"மூடறேன். ஆனா நேரத்த மறைக்க மாட்டேன்." தமிழ்மணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆடிப்பெருக்கு விடிந்தது. காவிரிக்குப் போகிற கூட்டத்தில் பென்னாகரம் பிதுங்கியது. சிறப்புப் பஸ்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. கண்டக்டர்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே எனக்கு நேரம் சொன்னார்கள், நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் எழுபதாயிரம் பேர். சர்வர் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. ஓடுகிறவனுக்கு நேரம், காத்திருக்கிறவனுக்குக் கடை. இரண்டு மணிக்குச் சின்னராஜ் போன் செய்தார்.

"மாவு தீந்துபோச்சிங்க. அந்த வரிய எடுத்துருங்க, சனம் வந்து திட்டிட்டுப் போவுது."

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிய கடைக்காரரை அதற்கு முன் யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்தேன். அவர் கடைக்கே போனேன். உள்ளே பெஞ்சில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் டீ குடித்துக்கொண்டிருந்தவர் தமிழ்மணி. சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஒகேனக்கல் போயிட்டு வந்தங்க. தர்மபுரி பஸ்ஸு முப்பத்தஞ்சு நிமிஷம்னு காட்டுச்சிங்க. கீழ இந்தக் கடையும் காட்டுச்சி. வந்துட்டன்." டம்ளரைக் கீழே வைத்தார். "பார்க்காரருகிட்ட நான் பேசறன். வீடியோ வேணாம். உங்க சட்டப்படி ஒரு வரி போதும்னு சொல்றன்."

"பார்க்கு நடந்து போற தூரத்துல இல்லீங்களே" என்றேன். மன்னிக்கிற மனநிலையில் நான் இல்லை. அவர் மனைவி சிரித்துவிட்டார்.

பார்க் இல்லாவிட்டால் என்ன? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஒன்பது கடைக்காரர்கள் தாங்களாகவே வந்து வருடத்துக்கு எழுதிக்கொண்டார்கள். தர்மபுரியிலிருந்து நான்கு பேர். வாடகை போக மிச்சமே நின்றது. ஜெயித்துவிட்டேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, தெருவில் நின்று கூவ வேண்டும்போல் இருந்தது.

மாதவராஜ் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு போனை எடுத்து 'பஸ் எப்போ'வைத் திறந்தார். மூன்று வருடத்தில் அவர் அதைத் திறந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. ஓசூர் என்று தட்டினார்.

"ஓசூர் எதுக்குங்க?"

"அங்க வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்து வெச்சிருந்தன், உங்கிட்ட சொல்லல" என்றார். "போயி திருப்பி வாங்கிக்கிட்டு வரணும்."