கண் பட்ட கார்

வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் போதும், சபாபதியின் காரை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். முரட்டுப் பிடி இல்லை. "சாப்பிட்டுப் போங்களேன்" என்று கையைத் தொடுவதுபோல ஒரு பிடி. பிரேக்கைத் தொடவே வேண்டாம். வேகம் கனவுபோல் கரைந்துவிடும்.

அவர் காலமெல்லாம் கியர் போட்டு லோரி ஓட்டியவர். வேகம் பிடித்ததும் கியரைக் கழற்றி ‘ஃப்ரீ’யில் தள்ளிவிட்டு மிதந்துபோவது அவர் பழக்கம். தானாகக் கியர் மாறும் ஆட்டோ கார் இதுதான் முதல்.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் புதுக் காருக்குப் பூசை முடிந்து, சக்கரங்கள் எலுமிச்சையை நசுக்கிய அன்று, "கார் சூப்பரா இருக்குண்ணே" என்று தங்கை குமுதா சொல்லித் தொலைத்தாள். அவள் கண்தான் பட்டுவிட்டது என்று வழக்கும் தீர்ப்பும் அங்கேயே முடிந்தன. பூசணிக்காய் உடைத்தார், மிளகாய் கட்டினார். கார் ஊறுகாய்ச் சாடிபோல மணத்ததே தவிர, பிடி விடவில்லை. கடைசிப் பரிகாரமாக, ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் மகள் கல்யாணத்துக்குக் குமுதாவை அழைக்காமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை கிள்ளானில் மழை. விளக்குகளெல்லாம் சாலையில் உருகி ஓடிக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாப்பில் குமுதா நனைந்து நின்றாள்.

"நிறுத்துங்க லா! உங்க கூடப்பொறந்தவதானே?" என்றாள் மனைவி லோகேஸ்வரி.

குமுதா பின்சீட்டில் ஏறினாள். பயணிகளை ஏற்றி ஆட்டோ கார் ஓட்டுகிறவள் அவள். அன்று அவள் கார் பட்டறையில் கிடந்தது.

சிவப்பு விளக்கு தெரிந்ததும் சபாபதி காலை எடுத்தார். கார் தயங்கியது.

"பாத்தியா? நீ ஏறினதும் இழுக்குது!"

"எது?"

"உன் கண்ணுதான்!"

குமுதா சிரித்துவிட்டாள். "ஐயோ அண்ணே, எல்லா ஆட்டோவும் இப்படித்தான். கால எடுத்தா இன்ஜினுக்கு எண்ணெய் கொறஞ்சிடும். ஆனா கியர் கழண்டுக்காது. ஓடுற சக்கரம்தான் இன்ஜினச் சேத்துச் சுத்தணும். அந்தப் பாரம்தான் புடிக்குது. நீங்க லோரிய ஃப்ரீல விட்டே ஓட்டினீங்க, இது எங்க தெரியும்?"

பிறகு அவள் குரல் இறங்கியது.

"இதுக்காகவாண்ணே புள்ள கல்யாணத்துக்கு என்னைய கூப்பிடல?"

சபாபதி சிவப்பு விளக்கையே பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம வந்துடு" என்று முனகினார்.

"போற வழியில ஏத்துன ஆளுக்குச் சொல்ற மாதிரியா? அத்தைக்காரி நான். தட்டு வெச்சு, வீட்டுக்கு வந்து கூப்பிடுங்க."

"அப்படிக் கேளு!" என்றாள் லோகேஸ்வரி.

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அலறியது. சபாபதி நகரவில்லை.

"வெத்தல பாக்கு வாங்கிட்டு நேரா இவ வீட்டுக்குப் போறோம் லோகேசு" என்றார். "கண்ணு இவகிட்ட இல்ல. ஒண்ணு ஏன் நடக்குதுன்னு தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சிக்கணும். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, பழி போட ஆளத் தேடுனேன் பாரு, அதுதான் நம்மளப் புடிச்ச பீடை."